தவிட்டு நிறத்தில் ஒரு சாம்பல் நாய்

நாய் முதலில் வந்தது. அதன் பின்னால் கயிறு வந்தது. கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள்.

மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்காதது நாய்க்கு மட்டும்தான். உள்ளே வந்து என் ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்தது. பார்க்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று தீர்மானித்து, என் நாற்காலிக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டது.

"உங்க பையன் மாதிரியே இருக்கு மாமா," என்றாள் என் மருமகள். "ஒரு வித்தியாசம். இது மாடி ஏறி வந்திருக்கு."

மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷம் டைப்பிஸ்ட் வேலை பார்த்தாள். அந்த வேலை போனதும் என் துப்பறியும் ஆபீஸில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சம்பளம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வாயை மூடவும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தெரியும். எனக்கு எவன் மேலும் நம்பிக்கை கிடையாது, அவளுக்கு என் மேல் கிடையாது. தொழில் நடக்கிறது.

வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். உள்ளங்கையில் கயிறு இழுத்த தழும்பு.

"நான் வேட்டைக்காரர் வீட்டு நாய்க்காரி ஐயா," என்றாள்.

வேட்டைக்காரரை எனக்குத் தெரியும். வாலிப வயசில் நாய்களை விட்டு முயல் பிடித்தவர். ஓட முடியாமல் போனதும் முயலை விட்டுவிட்டு நாயை மட்டும் வைத்துக்கொண்டவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

"உயில்ல எனக்குப் பின்கட்டு வீட்டை எழுதி வச்சிருக்கார். அவரோட கிரேஹவுண்டை அது இருக்கிற வரைக்கும் நான் பார்த்துக்கணும். அது ஒண்ணுதான் நிபந்தனை. பதினாலு வருஷமா அந்த வீட்டுலதான் இருக்கேன். முந்தாநாள் வக்கீல் கூப்பிட்டு இந்தக் கடிதத்தைக் காட்டினார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சாவியை அவர் மேஜை மேல வச்சிடணுமாம். இல்லேன்னா போலீஸாம்."

"நாய்?"

"அதுக்கு ஊசி போட்டுடலாம்னார்."

நாற்காலிக்கு அடியில் குறட்டை கேட்டது.

கடிதத்தின் நகலை மருமகள் வாங்கி உரக்கப் படித்தாள். வேட்டைக்காரர் இரண்டு மாதத்துக்கு முன்னால் வக்கீலுக்கு எழுதியதாக இருந்தது. டைப் அடித்த கடிதம்.

'என் கிரேஹவுண்டை நாய்க்காரி விற்றுவிட்டாள். அதற்குப் பதிலாக ஒரு தவிட்டு நிற நாயைக் கட்டி வைத்திருக்கிறாள். கண் மங்கிய கிழவனுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாள். கிரேஹவுண்ட் என்றால் சாம்பல் நிற நாய் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு எதுவும் தர வேண்டாம். பின்கட்டு வீடு என் தம்பி மகனைச் சேரட்டும்.'

கீழே கையெழுத்து.

நான் குனிந்து பார்த்தேன். தவிட்டு நிறம். சந்தேகமே இல்லை. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் வெளிறிய தவிடு, அவ்வளவுதான்.

"ஏம்மா, இதுல சாம்பல் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லீங்க. குட்டியா வந்த அன்னிக்கே இந்த நிறந்தான்."

"அப்ப எந்திரிச்சுப் போங்க. பொய் சொல்றவங்களுக்குத் துப்பறிய ஆள் தேவையில்ல. அவங்களே பார்த்துப்பாங்க."

அவள் அழவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன். பொய் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் அழுவார்கள்.

"போறேன் ஐயா," என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஆனா இந்தக் கடிதத்தை அவர் எழுதல. அவர் காதுபட இதைச் சாம்பல் நாய்னு சொல்லிட்டு யாரும் நிம்மதியாப் போனதில்ல."

"என்ன பண்ணுவார்?"

"நிக்க வச்சுப் பேருக்கு அர்த்தம் சொல்லுவார். மீட்டர் பார்க்க வந்தவரா இருக்கட்டும், குழாய் ரிப்பேர்க்காரரா இருக்கட்டும், கேட் தாண்டி வந்தா அந்தப் பாடம் உண்டு. சொல்லி முடிச்சுட்டுத் திருப்பிக் கேப்பார். சரியாச் சொன்னாத்தான் வெளிய விடுவார்."

"என்ன அர்த்தமாம்?"

"எனக்குத் தெரியாதுங்க. அவர் ஆரம்பிச்சதும் நான் நாயைப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் போயிடுவேன். பதினாலு வருஷமாத் தப்பிச்சுட்டேன்."

"இன்னிக்கு மாட்டிக்கிட்டீங்க," என்றாள் மருமகள். அவள் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். "மாமா, இதை டைப் அடிச்ச ஆளை நான் ஒரு நாள் கூட வேலைக்கு வச்சுக்க மாட்டேன்."

"ஏன்?"

"மேல வரிக்கும் வரிக்கும் நடுவுல படுத்துத் தூங்கலாம். கடைசி மூணு வரியைப் பாருங்க, பஸ் படிக்கட்டுல தொங்கற கூட்டம். கையெழுத்து வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது."

"இடம் பத்தல."

"எப்படிப் பத்தாமப் போகும்? கடிதம் நீண்டா கையெழுத்து கீழ இறங்கும். இங்க கையெழுத்து அசையல, எழுத்துதான் ஒடுங்கியிருக்கு. கல்யாண வீட்டுல முன்னாடியே வந்து கடைசி நாற்காலியைப் பிடிச்சுட்ட பெரியப்பா மாதிரி, கையெழுத்து மொதல்ல வந்து உக்காந்துடுச்சு."

வெறுந்தாளில் போட்ட கையெழுத்து. ஆனால் வெறுந்தாளில் கையெழுத்துப் போடாத மனுஷன் எங்கே இருக்கிறான்? சொந்தக்காரன் கேட்டால் போடுகிறான், வீட்டுத் தரகன் கேட்டால் போடுகிறான். யார் கேட்டார்கள் என்று அந்தத் தாள் சொல்லாது. சாம்பல் ஒருவேளை சொல்லும்.

மணி பதினொன்று ஆகியிருந்தது. நாயை எழுப்பினோம். அதற்கே கால் மணி நேரம் போனது.

* * *

நூலகத்தில் நாய்க்கு அனுமதி இல்லை என்றார் நூலகர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜை மேல் தேடிக்கொண்டிருந்த மனிதர்.

"படிக்காது, ஆனா சத்தம் போடாது," என்றாள் மருமகள். "உங்க வாசகர்கள் ரெண்டு பேர் அங்க பேப்பரைப் போத்திக்கிட்டுக் குறட்டை விடறாங்க. இது அவங்க பக்கத்துலயே படுத்துக்கும்."

அவர் எட்டிப் பார்த்தார். மறுக்க வழியில்லை.

தலையணை கனத்துக்கு ஒரு அகராதியை எடுத்து வைத்தார். மருமகள் பக்கத்தைத் தேடிப் பிடித்து வாசித்தாள். முதலில் உதட்டுக்குள், அப்புறம் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, கடைசியில் சிரித்துக்கொண்டு.

"மாமா, இந்தக் 'கிரே'க்கும் சாம்பலுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாதாம்."

"பின்ன?"

நூலகருக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. அவர் விளக்கினார். "பழைய இங்கிலீஷ்ல இந்தச் சொல் வேற மாதிரி இருந்துச்சு. பனிநாட்டு ஜனங்களோட பழைய மொழியிலயும் இதே மாதிரி ஒரு சொல் உண்டு. அதுல முதல் பாதிக்குப் பெட்டை நாய்னு அர்த்தம். பின்னாடி வந்தவங்களுக்கு அந்தப் பழைய சொல் மறந்து போச்சு. காதுக்குச் சாம்பல் மாதிரி கேட்டுச்சு, சாம்பல்னே எழுதிட்டாங்க. அது ஆதியில எங்கேருந்து வந்துச்சுன்னு படிச்சவங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. நிறம் இல்லைங்கறது மட்டும் நிச்சயம்."

"ஹவுண்ட்?"

"இப்பத்தான் வேட்டை நாய். அந்தக் காலத்துல வெறும் நாய்."

"அப்ப மொத்தத்துல பெட்டைநாய்-நாய்," என்றாள் மருமகள். "நம்ம 'நடு சென்டர்' மாதிரி."

"'கேட்டு வாசல்' மாதிரி," என்றார் நூலகர். இருவரும் ஒருவரை ஒருவர் ரொம்ப மெச்சிக்கொண்டார்கள்.

எனக்கு இதெல்லாம் ஒத்து வராது. "புத்தகமும் மனுஷன் எழுதினதுதானே. இன்னொண்ணு எடுங்க."

இன்னொன்றும் அதையே சொன்னது.

"ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா அது உண்மையாவும் இருக்கலாம், கூட்டுக் களவாணித்தனமாவும் இருக்கலாம். மூணாவது?"

நூலகர் பெருமூச்சு விட்டார். "ஐயா, நாய்க்குடைன்னு ஒண்ணு முளைக்குதே. அது மழைக்கு நாய் பிடிக்கிற குடையா?"

நான் யோசித்தேன்.

"இல்ல."

"பேரை மட்டும் கேட்டுட்டு ஒருத்தன் குடைக்கடையில போய் அதைத் தேடினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுல சாம்பலைத் தேடறதும்."

மூன்றாவது புத்தகம் பிழைத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் மருமகள் சொன்னாள். "வர்றவன் போறவனை எல்லாம் மறிச்சு 'சாம்பல் இல்ல, சாம்பல் இல்ல'ன்னு பாடம் எடுத்த மனுஷன், 'சாம்பல்னு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்'னு எழுதுவாரா? கடிதம் பொய்."

"பொய்தான். அதை யார் வாயால நிரூபிக்கிறது? பாடம் எடுத்தார்னு இந்தம்மா சொன்னா, வீட்டுக்காகச் சொல்றாங்கம்பான். குழாய் ரிப்பேர்க்காரர் வந்து சொன்னா வக்கீல் பல்லுக் குத்திக்கிட்டே கேப்பார். சொந்த ரத்தம் சொல்லணும். அதுவும் சொன்னா நஷ்டப்படற ரத்தம்."

"தம்பி மகன்," என்றாள் நாய்க்காரம்மா. குரலில் நம்பிக்கை இல்லை.

எனக்கும் இல்லை. வீடு யாருக்குப் போகிறதோ அவன்தான் கடிதத்தை எழுதியிருப்பான். இதைச் சொல்லப் படிப்பு வேண்டாம்.

* * *

தம்பி மகன் டைல்ஸ் கடை வைத்திருந்தான். பெரிய உடம்பு. கடைக்குள் எங்கே நின்றாலும் ஐந்தாறு சதுரத்தை மறைத்துக்கொண்டு நின்றான். நாயும் நாய்க்காரம்மாவும் தெருவிலேயே நின்றுகொண்டார்கள்.

"கடிதமா? நான் படிக்கலீங்க," என்றான். "நாயை மாத்திட்டாங்க, வீடு உங்களுக்குத்தான்னு வக்கீல் சொன்னார். சரின்னேன். வர்ற லட்சுமியைக் கதவைச் சாத்தி நிறுத்துவாங்களா?"

"அந்த வீட்டை என்ன பண்ணப் போறீங்க?"

"எனக்கெதுக்கு அது, நாய் வாடை. வக்கீல் ஆபீஸுக்கும் அதுக்கும் ஒரே சுவருதானே. இடிச்சுச் சேர்த்துக்கறேன், எனக்கே குடுத்துடுன்னு ஒரு வருஷமாக் கேக்கறார். வந்தாத் தரேன்னுட்டேன்."

அந்த வரியை நான் ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நீங்க படிக்காத கடிதத்தை நான் படிச்சுக் காட்டறேன்," என்றாள் மருமகள். படித்தாள். தவிட்டு நிறம் வரைக்கும் அவன் ஒரு டைலைத் துடைத்துக்கொண்டிருந்தான். 'கிரேஹவுண்ட் என்றால் சாம்பல் நிற நாய் என்பது பச்சைப் பிள்ளைக்கும்' என்ற இடத்தில் அவன் வயிறு குலுங்கியது. சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. கபக்கென்று பிடித்து இருமலாக மாற்றி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"சிரிப்பா? சிமெண்ட் தூசிங்க."

"கிரேஹவுண்ட்னா என்ன அர்த்தம்னு உங்க பெரியப்பா சொல்லியிருக்காரா?"

அவன் எங்களை ஒரு முறை பார்த்தான். வக்கீல் ஆபீஸ் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பின்கட்டு வீட்டையும் மனசுக்குள் ஒரு முறை பார்த்திருப்பான்.

"எனக்கு நாயைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க," என்றான். "ஒண்ணுமே தெரியாது."

தெருவுக்கு வந்ததும் நான் சொன்னேன். "இவன்தான்."

"இவன் இல்ல," என்றாள் மருமகள்.

"மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு."

"ஒட்டியிருக்கறதைச் சரியாப் படிங்க மாமா. தான் சொன்ன பொய்யைத் திருப்பிப் படிச்சா எவனாவது சிரிப்பானா? உங்க பையன் ஆபீஸுக்கு லீவு போட, இருக்கிற உங்களையே செத்துட்டதா எழுதினாரே, அதை நான் திருப்பிப் படிச்சப்போ சிரிச்சாரா? சுவரைப் பார்த்தார். மொதல் தடவையாக் கேக்கறவன்தான் சிரிப்பான். அதுவும் சரியா சாம்பல்ல வந்து சிரிச்சான். பாடம் படிச்சவன். அவன் எழுதியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

என்னைச் செத்ததாகச் சொன்ன விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நாய்க்காரம்மா பக்கம் திரும்பினேன்.

"வேட்டைக்காரர் வீட்டுக்கு வந்து போனவங்கள்ல அந்தப் பாடத்தைக் கேக்காதவங்க யாரும்மா?"

"கேட் தாண்டினவங்க எல்லாருமே கேட்டிருக்காங்க ஐயா."

"தாண்டாதவங்க?"

அவள் யோசித்தாள். நாய் அந்த நேரத்தில் நடைபாதையில் படுத்துக்கொண்டது.

"வக்கீல்," என்றாள் மெதுவாக. "நாய்னா அவருக்கு உயிர் போற பயம். ஒரு நாள் கூட உள்ள வந்ததில்ல. எந்தக் காகிதமா இருந்தாலும் எங்க ஐயாதான் அவர் ஆபீஸுக்குப் போவார்."

அரைகுறை இங்கிலீஷ் ரொம்ப மோசமான சாமான். முழுசாகத் தெரிந்தவன் புத்தகத்தைப் பார்ப்பான். என்னைப் போல ஒன்றும் தெரியாதவன் வாயைத் திறக்க மாட்டான். பாதி தெரிந்தவன்தான் கிரே என்றால் சாம்பல் என்று சத்தியம் செய்து கையெழுத்துக்கு மேலே டைப் அடிப்பான்.

"வக்கீல் ஒத்துக்க மாட்டார்," என்றாள் மருமகள். "கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தா வீடு போயிடும். கேட்டோம், ஒண்ணுமே தெரியாதுன்னுட்டார்."

"கேட்டதுதான் தப்பு," என்றேன். "கேக்கக் கூடாது."

"பின்ன என்ன பண்றது?"

சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கும் சில நேரம் மூளை வேலை செய்யுது. வீட்டுல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

* * *

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வக்கீல் அறைக்குள் நுழைந்தோம். கண்ணாடி மேஜை, தோல் அட்டைப் புத்தக வரிசை. அதில் ஒன்றாவது கை பட்டுத் தேய்ந்ததாகத் தெரியவில்லை. நாய் உள்ளே வந்ததும் வக்கீல் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். சம்மணம் போட்ட வக்கீலை நான் அன்றுதான் பார்த்தேன்.

சாவியை வாங்கிக்கொள்ள வந்திருந்த தம்பி மகன் மூலையில் ஒரு சின்ன நாற்காலியைத் துன்புறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நாயை வெளிய கட்டுங்க. சாவியை இங்க வைங்க," என்றார் வக்கீல். "இந்தப் பெரியவர் யார்?"

"கூட வந்தவன் சார்," என்றேன். "இந்தம்மா சாவியைக் குடுத்துடுவாங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். படிக்காதவன், கோவிச்சுக்கக் கூடாது. கிரேஹவுண்ட்னா என்ன சார் அர்த்தம்?"

வக்கீல் முகத்தில் ஒரு கருணை வந்தது. "கிரேன்னா சாம்பல். ஹவுண்ட்னா வேட்டை நாய். பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே."

மருமகள் தன் நோட்டில் ஒரு கோடு கிழித்தாள்.

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன். அப்புறம் புத்தகத்தைப் பார்த்தா வேற போட்டிருக்கு. கிரேங்கிறது நிறமே இல்லியாம். பழைய பாஷையில அதுக்குக் கடுவன் நாய்னு அர்த்தமாம்."

மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"அதுக்கென்ன இப்போ?" என்றார் வக்கீல்.

"ஒண்ணுமில்ல சார், தெரிஞ்சுக்கலாமேன்னு. கடுவன். அந்தக் காலத்து ராஜாக்கள் வேட்டைக்குக் கடுவன் நாயை மட்டுந்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்களாம். அதான் அந்தப் பேர்."

மூலையில் ஒரு கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

"ஆமா மாமா," என்றாள் மருமகள். "கடுவன். கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு."

"செத்துப்போன வேட்டைக்காரர்கூட எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக் குடுப்பாராம். கடுவன், கடுவன்னு."

"பெட்டை."

எல்லோரும் திரும்பினோம். தம்பி மகன் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான். தான் பேசியது அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல."

"கடுவன்தானே?"

"பெட்டைய்யா. பெட்டை. கடுவனாம், ராஜாவாம்." அவன் எழுந்தே விட்டான். "லீவு விட்டா எங்களைப் பெரியப்பா வீட்டுல கொண்டுவந்து விட்டுடுவாங்க. தட்டு போடறதுக்கு முன்னாடி வரிசையா நிக்க வச்சுக் கேப்பார். கிரேன்னா என்ன? நிறம் இல்ல பெரியப்பா. பின்ன? பெட்டை பெரியப்பா. தப்பாச் சொன்னா தட்டு வராது. எங்க அக்கா ஒரு நாள் சாம்பல்னு சொல்லிட்டு ராத்திரி வரைக்கும் பட்டினி. நாப்பது வருஷமா மனசுல நிக்குது, வந்துட்டாங்க கடுவன்னு சொல்லிக்கிட்டு."

மூச்சு விட நிறுத்தினான். அப்புறம் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கவனித்தான். வக்கீலைப் பார்த்தான். நாய்க்காரம்மா கையில் இருந்த சாவியைப் பார்த்தான். மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்ப உங்க பெரியப்பா, கிரேஹவுண்ட்னா சாம்பல் நாய்னு கடிதம் எழுதுவாரா?" என்றேன்.

அவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். வீடு போய்விடும் என்று தெரிந்த மனுஷன் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. நான் அவசரப்படுத்தவில்லை.

"செத்தாலும் எழுத மாட்டார்," என்றான்.

"செத்துட்டாரே," என்றாள் மருமகள். "அதனாலதான் வேற யாரோ எழுத வேண்டியதாப் போச்சு."

வக்கீல் சிரித்தார். நன்றாகவே சிரித்தார், தொழில்காரர். "நாய்க்குப் பேர் விளக்கம் சொல்லி எந்தக் கோர்ட்லயும் ஜெயிக்க முடியாதும்மா. கையெழுத்து அவரோடது. எந்த நிபுணரை வேணும்னாலும் கூட்டிக்கிட்டு வாங்க."

"அவரோடதுதான் சார்," என்றேன். "அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. அவர் வெறுந்தாள்லதான் போட்டிருக்கார். எழுத்து அப்புறமா வந்து, இடம் பத்தாம அது தலையில இடிச்சுக்கிட்டு நிக்குது. கட்சிக்காரங்ககிட்ட இப்படி ரெண்டு மூணு தாள் வாங்கி வச்சுக்கறது உங்க ஆபீஸ்ல வழக்கமா சார்? அவசரத்துக்கு உதவும்னு?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது.

"என்கிட்ட நாலு தாள் வாங்கியிருக்கார்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மருமகளும்தான். தம்பி மகன் இந்த முறை எழுந்தபோது நாற்காலியும் அவனோடு எழுந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு மேஜைக்கு வந்தான்.

"என் தாள் எங்க சார்?"

"எல்லாம் பத்திரமா இருக்கு தம்பி. உக்காருங்க."

"செத்தவர் கையெழுத்து மேலயே எழுத்து முளைக்குது. நான் உயிரோட இருக்கேன். என் கடை இருக்கு, வீடு இருக்கு. என் தாள் எங்க?"

பெரியப்பா மேல் இருந்த பாசத்துக்கு அவன் பேசியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தன் கடைக்காகப் பேசினான். நம்பினேன்.

அவன் மேஜையைச் சுற்றிப் போனான். வக்கீல் காலைக் கீழே வைத்துத் தடுக்கப் பார்த்தார். கீழே நாய் படுத்திருந்தது. காலை மறுபடி மேலே தூக்கிக்கொண்டார். இழுப்பறை திறந்தது. பழுப்பு உறையில் கட்டுக் கட்டாகத் தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வலது ஓரம் ஒரு கையெழுத்து. மேலே ஒரு எழுத்துக் கிடையாது. நாலு தாள் தம்பி மகனுடையது. இன்னும் இரண்டில் வேட்டைக்காரர் கையெழுத்து.

மேஜைக் கோப்பில் கடிதத்தின் அசல் இருந்தது. மருமகள் அதை எடுத்து அந்த இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து, ஓரம் தட்டிச் சேர்த்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மூன்று கையெழுத்தும் ஒரே இடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக, முதல் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

வக்கீல் எதையும் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எழுந்திருக்கவில்லை.

"போலீஸுக்கு நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா சார்?" என்று மருமகள் போனைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் நாய்க்காரம்மா. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "அவங்க வந்தா இவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு மொதல்ல வீடு வேணும்."

நியாயம்தான். வக்கீலுக்கும் அது நியாயமாகப் பட்டது. தொண்டையைச் செருமினார். "கடிதம் செல்லாது, உயில்ல இருக்கறபடி வீடு உங்களுக்குத்தான்னு எழுதிக் குடுத்துடறேன்மா. இவர் சாட்சி. அதோட முடிச்சுக்கலாமே?"

"எழுதுங்க," என்றேன். முடிப்பதைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை. மருமகளும் போனைக் கீழே வைக்கவில்லை.

அவர் இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அதை நாய்க்காரம்மா பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்து, விரலால் தாளின் அடியைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. மத்ததை நான் எழுதிக்கறேன்."

அந்த மனுஷன் ஏமாற்றப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கை தன் பழக்கத்தில் செய்தது.

நாய்க்காரம்மா தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு விரலால் தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

"நீங்க மொதல்ல எழுதுங்க. இவங்க படிச்சுக் காட்டட்டும். நான் கடைசியில போடறேன்."

முக்கால் மணி நேரம் எழுதினார். மருமகள் இரண்டு பிழை திருத்தினாள். தம்பி மகன் சாட்சிக் கையெழுத்துப் போடும் முன்னால் ஐந்து தடவை படித்தான். படிக்கிற பழக்கம் அவனுக்கு அன்றைக்குத்தான் வந்தது. கடைசியில் நாய்க்காரம்மா பேனாவை வாங்கினாள். அடியில் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. அங்கே அவள் போகவே இல்லை. கடைசி எழுத்து முடிந்த இடத்தில், நடுவே ஒரு எறும்பு நுழைய இடம் விடாமல், ஒட்டினாற்போல் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே இருந்த வெறுந்தாளை ஓரம் மடித்து, நகத்தால் அழுத்தி, நேராகக் கிழித்து எடுத்துக்கொண்டாள்.